கோயில் ஒரு கிலோமீட்டர் கிட்டே வந்தது

அத்தியாயம் 8

"ஜோஸ்பின், ஒரு கோயில் ஒரே மாசத்துல ஒரு கிலோமீட்டர் நகருமா?"

குமரவேல் சார் இப்படிக் கேட்டபோது காலை பத்தரை மணி. இடம், வில்லியனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை. என் மசால்வடை வாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாக இருந்தது.

"தேர்தான் சார் நகரும். கோயில் அங்கியேதான் இருக்கும். டீயில இன்னா கலந்தான்?"

அவர் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸுக்காக நொறுங்கின வண்டிகளைப் பார்த்துப் பார்த்து முகமே அப்படி ஆகிவிட்டது. ரிட்டயரான பிறகு துப்பறிகிறார். காரில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் என் ஸ்கூட்டர் பின்சீட்டில் உட்கார்ந்து துப்பறிகிறார். ஓட்டுவது, அளப்பது, நனைவது, திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா.

அவர் கையில் இருந்த போன் கலைச்செல்வனுடையது. கலைச்செல்வன் ஜெயிலில் இருக்கிறான். அவன் பெண்டாட்டி சத்யா அதை நேற்று எங்களிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, நாளன்னிக்கு ஜாமீன் கேஸ் வருது. ரெண்டு தடவை தள்ளிட்டாங்க. இந்தத் தடவையும் தள்ளிட்டா அவரு உள்ளயே இன்னாவாச்சும் பண்ணிக்குவாரு, எனக்குத் தெரியும்" என்றாள். அழவில்லை. இருபத்திரண்டு நாள் அழுதவளுக்கு அதற்கு மேல் கண்ணில் ஒன்றும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஆடி ஐந்தாம் வெள்ளி. வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர். பாகூரில் பாதி ஊர் தேர் பார்க்கக் கிளம்பிவிட்டது. விவசாயி தங்கராசு போகவில்லை, அவர் கழனிக்கு அன்றைக்குத்தான் தண்ணீர் முறை. மறுநாள் காலை, முழங்கால் ஆழ வாய்க்காலில், இரண்டு காலும் முறிந்து பிணமாகக் கிடந்தார். உடனே சாகவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கரையேறப் பார்த்துக் கையால் மண்ணைப் பிராண்டிக்கொண்டே இருந்திருக்கிறார். கரை முழுக்க அந்த விரல் கோடுகளை நான் போட்டோவில் பார்த்தேன்.

மாட்டிக்கொண்டது கலைச்செல்வன். பாகூர்ப் பெரும்பண்ணை ராஜ்மோகனிடம் டிராக்டர் ஓட்டுகிறவன். வாய்க்கால் ரோட்டில் தங்கராசு செங்கல்லும் சிமெண்டும் வைத்துச் சொந்தமாக ஒரு ஸ்பீட் பிரேக்கர் கட்டியிருந்தார். எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கோபம் வந்தால் ஒரு மேடு கட்டிவிடுவார்கள். அந்த மேட்டில் டிப்பர் குலுங்கி ஒரு லோடு செங்கல் சரிந்ததில், "ஒரு நாளு உம்மேலயே ஏத்துறேன் பாரு" என்று கலைச்செல்வன் நடுரோட்டில் கத்தியிருக்கிறான். தேர் அன்று அவன் டிராக்டரில் என்ஜின் ஓடின மணியைக் கணக்கெடுக்கும் மீட்டர் வேலைக்கு மேல் கால் மணி நேரம் கூடுதலாகக் காட்டியது. லோடு ஏற்றும்போது என்ஜினை நிறுத்தவில்லை என்று அவன் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. மீட்டரை எடுத்துப் போலீஸில் கொடுத்ததே முதலாளி ராஜ்மோகன்தான்.

ராஜ்மோகன் வீட்டில் டிராக்டர், லாரி, ஜீப் என்று பன்னிரண்டு வண்டி. எது வாசலைத் தாண்டினாலும், திரும்பி வந்தாலும், ஓட்டினவன் மீட்டரைப் போட்டோ எடுத்து 'வண்டி மீட்டர்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். எங்கே போனான் என்பதையும் எழுத வேண்டும். டிரைவர்களும் போட வேண்டும், ஒரே மகன் விஜயராஜும் போட வேண்டும். அந்த வீட்டில் சமத்துவம் இருந்தது அந்த ஒரு குரூப்பில் மட்டும்தான்.

சத்யா சந்தேகப்பட்டது இந்த விஜயராஜைத்தான். அவனிடம் மஞ்சள் நிறத்தில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. பங்குனியில் அது தங்கராசு மேட்டில் வயிறு தட்டி மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தங்கராசு பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தவளை மாட்டிக்கிச்சுடா!" என்றார். யாரோ வீடியோ எடுத்தார்கள். பாகூர், வில்லியனூர், திருபுவனை என்று சுற்றிக் கடைசியில் விழுப்புரத்தில் அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டுக்காரர்கள் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஊரில் அவனுக்குப் பேரே தவளை.

ஆனால் போலீஸ் அவனை விட்டுவிட்டது. காரணம் இரண்டு. ஒன்று, அந்தக் கார் அந்த மேட்டைத் தாண்டவே தாண்டாது, ஊருக்கே தெரியும். இரண்டு, மீட்டர். தேர் அன்று அவன் பாகூரிலிருந்து வீராம்பட்டினம் போய், அங்கிருந்து வில்லியனூர் வந்து, வீடு திரும்பினான். மீட்டரில் ஐம்பது கிலோமீட்டர். நேற்று முழுக்க நான் வெயிலில் அதே பாதையில் ஸ்கூட்டரை ஓட்டி, போன் மேப்பிலும் போட்டுப் பார்த்தேன். சொல்லி வைத்த மாதிரி ஐம்பது. வாய்க்கால் ரோட்டில் ஒரு அடி திரும்பியிருந்தாலும் கூடியிருக்கும்.

"அது செத்துப்போன ரூட்டு சார். விட்டுடலாம்" என்றேன்.

"வெள்ளிக்கிழமையை விடு. சனிக்கிழமையைப் பாரு." போனை என் பக்கம் திருப்பினார். "தேருக்கு மறுநாள் காலையில திரும்பவும் வீராம்பட்டினம் போயிருக்கான். போக வர இருபத்தஞ்சு கிலோமீட்டர். ஆடி மொத வெள்ளிக்கும் போயிருக்கான், அதே கோயில், அதே வூட்டுலேருந்து. அன்னிக்கு எவ்ளோ?"

பார்த்தேன். இருபத்தாறு.

"நீ நேத்து அளந்தது?"

"போக வர இருபத்தாறு சார்."

"அப்ப சனிக்கிழமை மட்டும் கோயில் எப்படிக் கிட்ட வந்துச்சு?" எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "தேருக்கு மொத நாள் வியாழக்கிழமை அந்தக் கார் இந்த வில்லியனூருக்கு வந்திருக்கு. பக்கத்துல இன்னா எழுதியிருக்கான், படி."

'டயர் மாத்த' என்று எழுதியிருந்தது.

*

கமலக்கண்ணன் டயர் கடை மெயின் ரோட்டிலேயே இருந்தது. கமலக்கண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். கை இரண்டும் முழங்கை வரை கறுப்பு. வாயைத் திறந்தால் நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார்.

"ராஜ்மோகன் ஐயா வூட்டு மஞ்சக் காரா? ஆமா, நான்தான் மாத்துனேன். பழசு தேஞ்சு போச்சு. அதே சைஸ்ல நாலு வரவழைச்சு மாட்டுனேன், அவ்ளோதான்."

"அதே சைஸா?" என்றார் குமரவேல் சார்.

"அதே சைஸ்தான் சார். வண்டிக்காரன் இன்னா சைஸ் போட்டிருக்கானோ அதைத்தான் போடணும். உக்காரும்மா."

கடை ஓரத்தில் ஒரு பழைய டயருக்குப் பலகை அடித்து இருக்கையாகப் போட்டிருந்தார்கள். நல்ல அகலமான டயர். உட்கார்ந்தேன். குமரவேல் சார் உட்காரவில்லை. கடைக்குள் காற்று அடிக்கும் மெஷின் பக்கம் போய் அதன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புது டயரில் ஒட்டி வரும் காகித ஸ்டிக்கர்களைப் பிய்த்து அந்தத் தொட்டி முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். எல்லா டயர் கடையிலும் ஒட்டுவதுதான். லாரி டயர், டிராக்டர் டயர், மாருதி டயர். எல்லாவற்றுக்கும் மேலே, அழுக்குப் படாமல், வேறு யாருக்கும் தேவைப்படாத சைஸில் இரண்டு.

"ஜோஸ்பின், கொஞ்சம் எழுந்திரு. நீ உக்காந்திருக்கறதுல இன்னா நம்பர் போட்டிருக்கு?"

எழுந்து குனிந்து படித்தேன். "275, கோடு, 35, அப்புறம் R 19."

"இங்க ஸ்டிக்கர்ல 275, கோடு, 40, R 19. கமலக்கண்ணன், முப்பத்தஞ்சும் நாப்பதும் உங்க ஊர்ல ஒண்ணா?"

கமலக்கண்ணன் கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததைத் திரும்பத் துடைத்தார்.

"எனக்கு இந்த நம்பரெல்லாம் புரியாதுண்ணே" என்றேன். "எனக்குப் புரியற மாதிரி, பஜ்ஜி கணக்கா சொல்லுங்க."

தொழிலைப் பற்றி என்பதால் குரல் வந்தது. "275ன்னா டயரோட அகலம், மில்லிமீட்டர். அடுத்த நம்பர் டயரோட சுவரு எவ்ளோ உசரம்னு. அகலத்துல நூத்துக்கு முப்பத்தஞ்சு பங்குன்னா தட்டையா இருக்கும், வண்டி தரையோட படுத்துக்கும். நாப்பதுன்னா சுவரு ஒசரும், வண்டி ஏறி நிக்கும். 19 உள்ள இருக்கற ரிம்மு, அது மாறல. பின்னால ரெண்டு 275, முன்னால ரெண்டு 245. ரெண்டு பக்கமும் ஒரு சைஸ் ஏத்திப் போட்டேன். எல்லாமா சேர்ந்து அரை இஞ்ச் ஏறுச்சு. மட்கார்டுல உரசுது, தட்டிக் குடுத்தேன்."

"கம்பெனி சொன்ன சைஸை விட்டுட்டு ஏன்?"

"நான் வேணாம்னுதான் சார் சொன்னேன். இவ்ளோ பெருசு போட்டா மீட்டர்லேருந்து பிரேக் வரைக்கும் எல்லாம் குழம்பும்னு சொன்னேன். அவரு கேக்கல. எந்த சைஸ் சரின்னு அவரு கேக்கவே இல்ல. எவ்ளோ பெருசு உள்ள போவும்னுதான் கேட்டாரு." ஸ்பானரைக் கீழே வைத்தார். "கையில ஒரு கரும்புத் துண்டு வெச்சிருந்தாரு."

"கரும்பா?"

"இவ்ளோ ஒசரத்துக்கு வெட்டுனது." தரையிலிருந்து கையால் காட்டினார். ஒரு சாண் கூட இல்லை. "டயர் மாட்டினதும் அதை நிமித்தி வண்டி வயித்துக்கு அடியில முன்னாலேருந்து பின்னால வரைக்கும் தள்ளிப் பாத்தாரு. பழைய டயர்ல தட்டும் சார், நானே பாத்தேன். புதுசுல ஒரு விரல் எடம் விட்டுத் தாண்டிப் போச்சு. அவருக்கு அவ்ளோ சந்தோஷம். அந்தக் கரும்பை இங்கியே உக்காந்து கடிச்சுத் துப்புனாரு. நான் எதுக்குப்பா அளக்கறேன்னு கேட்டேன். ஒரு பெரிய மனுஷரைப் போயிப் பாக்கணும், அவரு வாசல்ல மேடு ஒசரம்னாரு."

மேட்டு உயரத்துக்குக் கரும்பை வெட்டி எடுத்து வந்திருக்கிறான். ஆளைக் கொல்ல அளவெடுத்து, அந்த அளவுகோலையே மென்று தின்றிருக்கிறான் படுபாவி.

"தங்கராசு செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமையே."

"கலைச்செல்வனைப் புடிச்சது?"

அவர் ஸ்பானரைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"தெரிஞ்சும் மூணு வாரமா சும்மா இருந்தீங்களா? ஒருத்தன் உள்ள கெடக்கறான், நீங்க இங்க பஞ்சர் ஒட்டிக்கிட்டிருக்கீங்க. வெக்கமா இல்ல?"

"அவங்க வூட்டு வண்டி பன்னெண்டும் இங்கதாம்மா வருது" என்றார் கமலக்கண்ணன், தரையைப் பார்த்து. "எனக்கும் வயிறு இருக்குல்ல?"

"இருக்கு. அதான் தெரியுதே."

குமரவேல் சார் என் தோளைத் தொட்டார். போதும் என்று அர்த்தம். ஸ்டிக்கர்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பக்குவமாகப் பிய்த்து டைரிக்குள் வைத்தார். "நாளைக்குக் கோர்ட்டுக்கு வரணும். நீங்களா வந்தா சாட்சி. போலீஸ் வந்து கூட்டிக்கிட்டுப் போனா கூட்டாளி. எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

கமலக்கண்ணன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. "வரேன் சார்."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது கேட்டேன். "சார், மேட்டைத் தாண்டற வழி கெடச்சுது. ஆனா மீட்டர் இன்னும் ஐம்பதுதானே காட்டுது? அதை வெச்சு அவன் தப்பிச்சுக்குவானே?"

"ஜோஸ்பின், நீ குள்ளம். உன் வூட்டுக்காரரு நெட்டை. ரெண்டு பேரும் ஒண்ணா நடந்தா யாரு அதிக அடி வெப்பீங்க?"

"நான்தான். அதுக்கு இன்னா?"

"மீட்டருக்கு ரோடு தெரியாது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னு மட்டும்தான் எண்ணத் தெரியும். பெரிய சக்கரம் கொஞ்சமா சுத்தி நெறைய தூரம் போயிடும். அதான் கோயில் கிட்ட வந்துச்சு." பின்னாலிருந்து முதுகில் தட்டினார். "சத்யாவை வரச் சொல்லு. போனை அவகிட்டயே குடுத்து அந்த வூட்டு கேட்டுகிட்ட நிக்கச் சொல்லு. உள்ள வர வேணாம், நான் கூப்பிடற வரைக்கும்."

*

ராஜ்மோகன் எங்களை வாசலிலேயே தடுக்கவில்லை. "வாங்க வாங்க, நல்லா துருவிக்கிட்டுப் போங்க" என்றார். அறுபது வயது, வெள்ளைச் சட்டை, பையில் போன். போர்டிகோவில் நாற்காலி போடச் சொன்னார். மஞ்சள் கார் அங்கேயே நின்றது. விஜயராஜ் ஒரு துணியால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் தலையாட்டினான். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நான் காரின் பின் டயர் பக்கம் போய்க் குனிந்து நம்பரைப் பார்த்துவிட்டு வந்தேன். நாற்பது.

"சத்யா புள்ள அனுப்புச்சுதா?" என்றார் ராஜ்மோகன். "நல்ல பொண்ணுதான். புருஷன் சரியில்ல. நான் இன்னா பண்றது? பெத்த புள்ளையா இருந்தாலும் என் வூட்டுல மீட்டர்தான் பேசும்."

"அதுக்குத்தான் வந்தோம்" என்றார் குமரவேல் சார். "தம்பி, போலீஸ்ல நீங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். தேர்க் கூட்டத்துல எங்கயும் சுத்திப் போவலைன்னு சொல்லியிருக்கீங்க."

"இல்ல சார். நேரா போனேன், நேரா வந்தேன். தேர் சக்கரத்தைக் கும்பிட்டு, புது டயருக்கு நாலு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டு, வில்லியனூர்ல போல்ட் டைட் பண்ணிக்கிட்டு வூட்டுக்கு வந்தேன். அதான் மீட்டர்லயே ஐம்பது இருக்கே."

"ரோட்டுலயும் ஐம்பதுதான்" என்றேன். "நானே அளந்தேன். முதுகு இன்னும் வலிக்குது."

ராஜ்மோகனுக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? அதோட வுட்டானா? கூட்டத்துல அம்மனைச் சரியாப் பாக்க முடியலன்னு மறுநாள் காலையில திரும்பவும் போயி நூத்தெட்டு எலுமிச்சம்பழத்துல மாலை சாத்திட்டு வந்தான். அவனா சார் கொலை பண்ணுவான்?"

"அப்படியா, நூத்தெட்டா!" குமரவேல் சார் விஜயராஜைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். அவர் சிரித்தால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். "நன்றிக் கடன். இருக்க வேண்டியதுதான். அன்னிக்கு சாயங்காலம் வூட்டுக்கு வந்து மீட்டரைப் பாத்தப்ப உங்க கண்ணையே நீங்க நம்பியிருக்க மாட்டீங்க, இல்ல தம்பி?"

"ஆமா சார், நானே ஒரு நிமிஷம்..."

துணி கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

"ஐம்பது கிலோமீட்டர் போன வண்டி ஐம்பது காட்டுது. இதுல நம்பாம இருக்க இன்னா தம்பி இருக்கு?"

ராஜ்மோகன் மகனைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். "இன்னா சொல்ல வரீங்க?"

"ஐயா, உங்க போனை எடுங்க. ஆடி மொத வெள்ளி, தம்பி வீராம்பட்டினம் போனது எவ்ளோ?"

எடுத்துத் தேடினார். "இருபத்தாறு."

"தேருக்கு மறுநாள் அதே கோயில்?"

"இருபத்தஞ்சு." புருவம் சுருங்கியது. டிரைவர்களின் மீட்டரைப் பார்த்தே வளர்ந்த மூளை, ஒரு கிலோமீட்டர் குறைந்தால் அதற்குத் தூக்கம் வராது. இதைச் சரிபார்க்காமல் விட்டது மகன் வண்டி என்பதால்தான். "ஏன் கொறையுது?"

"நடுவுல டயர் மாத்தியிருக்காரு. பெரிய சைஸ். இப்ப அந்த வண்டி இருபத்தாறு போனா இருபத்தஞ்சுதான் காட்டும். மிச்சக் கணக்கை நீங்களே போடுங்க. அது ஐம்பது காட்டினா நெசமா எவ்ளோ போயிருக்கும்?"

ராஜ்மோகனின் உதடு தானாக அசைந்தது. நிறுத்த நினைத்திருந்தாலும் அவரால் முடிந்திருக்காது. "இருபத்தஞ்சுக்கு ஒண்ணு. ஐம்பதுக்கு ரெண்டு. ஐம்பத்திரண்டு."

"மெயின் ரோட்டுலேருந்து தங்கராசு மேடு வரைக்கும்?"

"ஒண்ணு" என்றார். "போக ஒண்ணு. வர ஒண்ணு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

குமரவேல் சார் விஜயராஜ் பக்கம் திரும்பினார். "ரெண்டு கிலோமீட்டர் கூடும்னு தெரிஞ்சுதான் போனே. தேர்க் கூட்டத்துல சுத்தி வந்தேன்னு அப்பாகிட்ட சொல்ல நெனச்சிருந்தே. வந்து பாத்தா சரியா ஐம்பது. அம்மனே காப்பாத்திட்டான்னு அந்தப் பொய்யைத் தூக்கிப் போட்டுட்டு, எங்கயும் சுத்தலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டே. அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தா இன்னிக்கும் என்னால உன்னை அசைச்சிருக்க முடியாது. கரும்பைப் பத்தி கமலக்கண்ணன் நாளைக்குக் கோர்ட்டுல சொல்லுவாரு."

விஜயராஜ் துணியை மடித்து பானட் மேல் வைத்தான். அவன் முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன். எரிச்சல்தான் இருந்தது.

"அந்த ஆளு மேட்டு மேல ஏறி நின்னுக்கிட்டான்" என்றான். "இந்தப் பக்கம் தவளை தாண்டாதுடான்னான். மெதுவாத்தான் ஏத்துனேன். தாண்டுச்சு. அப்படியே பம்பரால தள்ளிக்கிட்டே போயி வாய்க்கால்ல விட்டேன். வண்டில ஒரு கீறல் இல்ல."

"டேய்" என்றார் ராஜ்மோகன்.

"எறங்கிப் போயிப் பாத்தேம்பா. காலு ரெண்டும் மடங்கிப் போயி, கையை அடிச்சுக்கிட்டு, ஏறவும் முடியாம எறங்கவும் முடியாம கெடந்தான். தம்பி தம்பின்னு கூப்பிட்டான். என் வண்டி மாட்டுனப்ப அவன் எவ்ளோ நேரம் சிரிச்சான்? வீடியோவுல ஒரு நிமிஷம் பத்து செகண்டு. நானும் அவ்ளோ நேரம்தான் நின்னு சிரிச்சேன். அப்புறம் வந்துட்டேன்."

எனக்கு அவனைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது. நான் பார்த்ததிலேயே கேவலமான கொலை இது. ஒரு சிரிப்புக்கு ஒரு ஆள். அதற்கு இன்னொரு ஆள் ஜெயிலில். தங்கராசு பெண்டாட்டி தையலம்மாள் சத்யா வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனதை இவன் இந்த போர்டிகோவில் நின்று கேட்டிருப்பான், இதே துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.

ராஜ்மோகன் மகனை அடிக்கவில்லை. அழவும் இல்லை. கொஞ்ச நேரம் காரின் டயரையே பார்த்தார். பிறகு எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது வேற யாருக்குத் தெரியும்?"

"ஐயா..." என்று ஆரம்பித்தார் குமரவேல் சார்.

"கலைச்செல்வன் பழகிட்டான் சார் உள்ள. இருக்கட்டும். அவன் பொண்டாட்டி புள்ளைங்களை நான் பாத்துக்கறேன், ஒரு குறை வெக்க மாட்டேன். எனக்கு டிரைவர் நூறு பேரு கெடைப்பான். புள்ள ஒண்ணுதான்." பேசிக்கொண்டே போனில் விரலை வைத்து அந்தப் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு போனது. இருபத்தைந்து போனது. ஐம்பதும் போனது. "இப்ப இன்னா இருக்கு உங்ககிட்ட? டயரை இன்னிக்கே மாத்திடுவேன். கமலக்கண்ணன் என் சோத்தைத் தின்னறவன்."

"அந்தக் குரூப்புல எத்தினி பேருங்க?" என்று கேட்டேன்.

"டிரைவருங்க எல்லாம்தான். நான் சொன்னா எல்லாரும் அழிச்சிடுவானுங்க."

"கலைச்செல்வன்?"

"அவனைப் போலீஸ் புடிச்ச அன்னிக்கே குரூப்லேருந்து தூக்கிட்டேன்."

"தூக்கினா புதுசுதான் வராதுங்க" என்றேன். "பழசெல்லாம் அவன் போன்லயே இருக்கும். வெள்ளி இருக்கு, சனி இருக்கு. அவனைப் புடிச்சது ஞாயித்துக்கிழமை."

குமரவேல் சார் கேட் பக்கம் பார்த்துக் கையசைத்தார். சத்யா உள்ளே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வீட்டில் எப்போதும் வேலைக்காரப் பெண்கள் நிற்கும் இடத்தைத் தாண்டி, போர்டிகோவுக்குள் வந்து காருக்கு முன்னால் நின்றாள். விரிசல் விட்ட போன் அவள் கையில் இருந்தது. கேட்டில் நின்றபடியே எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஏம்மா சத்யா" என்று ராஜ்மோகன் எழுந்தார். குரல் அப்படியே இளகிவிட்டது. "அந்தப் போனைக் குடும்மா. உனக்கு இன்னா வேணுமோ கேளு. நான் உனக்கு அப்பா மாதிரி."

சத்யா போனைக் கொடுக்கவில்லை. விரலால் எதையோ தேடி அழுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, கலைச்செல்வனைக் குரூப்பிலிருந்து தூக்குவதற்கு முன்னால், எல்லா டிரைவர்களுக்கும் சேர்த்து ராஜ்மோகன் பேசி அனுப்பியது அது. அவர் குரல் அவர் வீட்டு போர்டிகோவிலேயே சத்தமாகக் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்கடா. கலைச்செல்வனை நான்தான் புடிச்சுக் குடுத்தேன். அவன் அழுவான், கால்ல வுழுவான், அவன் பொண்டாட்டியும் வருவா. மனுஷன் பொய் சொல்லுவான்டா. மீட்டர் சொல்லாது."

முடிந்ததும் அவள் திரும்ப ஒரு தடவை போட்டாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"நாளைக்குக் கோர்ட்டுல இதையும் போடுவேங்க ஐயா" என்றாள் சத்யா. "இப்ப தையலம்மா வூட்டுக்குப் போறேன். அவங்கதான் மொதல்ல இதைக் கேக்கணும்."

போனை முந்தானையில் முடிந்துகொண்டு, மஞ்சள் காரைச் சுற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்தே விட்டுவிட்டுப் போனாள்.